காலால் மிதிப்பதா, கையால் வலிப்பதா: லா ஹோயா கடலில் கயாக் மீன்பிடி

கயாக் என்கிற ஒடுக்கமான சின்னப் படகில் கடலுக்குப் போய் மீன் பிடிக்க ஆசைப்படும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, பெடல் வைத்த கயாக் வாங்கலாமா, துடுப்பு போடுகிற சாதாரண கயாக்கே போதுமா என்பதுதான். விலை வித்தியாசம் அப்படி. ஒரு நல்ல பெடல் கயாக் வாங்குகிற பணத்தில் துடுப்புக் கயாக் இரண்டு வாங்கி, மீதிக்குத் தூண்டில் ராடும் நரம்பு சுற்றும் ரீலும் வாங்கிவிடலாம். அவ்வளவு பணம் போட்டு வாங்கிக் கொல்லைப்புறத்தில் கவிழ்த்துப் போட்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். குறைந்த விலைக்கு வாங்கி, தோள்பட்டை வலியோடு கடல் பக்கமே போகாமல் விட்டவர்களையும் தெரியும்.

சில வருடங்கள் துடுப்புக் கயாக்கும், அதற்குப் பிறகு பெடல் கயாக்கும் ஓட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்: தண்ணீரில் பெடல் ஜெயிக்கும், கரையில் துடுப்பு ஜெயிக்கும். அதனால் மீனைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் கரையைப் பற்றி யோசியுங்கள். எங்கிருந்து இறங்கப் போகிறீர்கள், அங்கே அலை எப்படி, வண்டியை நிறுத்தும் இடத்திலிருந்து தண்ணீர் எவ்வளவு தூரம், தூக்கிவிட ஆள் உண்டா என்பதெல்லாம் தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும்.

நான் மீன் பிடிப்பது கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில், லா ஹோயா கடலில். அமெரிக்காவின் மேற்குக் கரையில் கயாக் மீன்பிடிக்குப் பேர்போன இடம். அந்தப் பேருக்குக் காரணம் கடலுக்கடியில் இருக்கிறது. லா ஹோயா ஷோர்ஸ் கடற்கரைக்கு மிக அருகிலேயே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி ஆழ்கடலுக்கு இறங்குகிறது. கரையை ஒட்டியே ஆழம் இருப்பதால், மற்ற இடங்களில் மோட்டார் படகில் போய்த் தேட வேண்டிய மீன்கள் இங்கே கயாக் எட்டும் தூரத்துக்கு வருகின்றன. அதே பள்ளத்தாக்கு இன்னொரு உபகாரமும் செய்கிறது. ஆழத்தின் மேல் வரும் அலை இரண்டு பக்கமும் விலகிப் பரவுவதால், அவெனிடா டி லா பிளாயா தெரு கடலைத் தொடும் தென்பகுதியில் அலை சின்னதாக இருக்கும். அதே நாளில், கொஞ்சம் வடக்கே பிளாக்ஸ் பீச்சில், அதே அலை குவிந்து ஆளுயரத்துக்கு மேல் எழும். சர்ஃபிங் செய்பவர்கள் அங்கே போகிறார்கள், நாங்கள் இங்கே இறங்குகிறோம்.

இறங்கியதும் தூண்டில் போட்டுவிட முடியாது. அந்தக் கரையோரம் முழுக்க மாட்லஹுவய்ல் என்ற பாதுகாக்கப்பட்ட கடல்பகுதி. 2012 ஜனவரி 1 முதல் அங்கே மீன் பிடிக்கத் தடை. ஏறக்குறைய ஒரு மைல் தூரம் தூண்டில் நரம்பைத் தண்ணீரில் விடாமல் கடந்து, எல்லைக்கு வெளியே போன பிறகுதான் வேலை ஆரம்பம். தெற்கே போனால் சவுத் லா ஹோயா என்று இன்னொரு தடைப்பகுதி. இரண்டுக்கும் நடுவே, கெல்ப் என்கிற ராட்சதக் கடற்பாசிக் காட்டின் ஓரத்தில்தான் எங்கள் மீன்பிடி. எல்லைக்கோட்டை ஜி.பி.எஸ்.ஸில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். கடலில் கோடு போட்டிருக்க மாட்டார்கள்.

ஆக, ஒரு காலைப் பொழுதில் குறைந்தபட்சம் போக ஒரு மைல், வர ஒரு மைல். நடுவே கெல்ப் ஓரமாக மேலும் கீழும் அலைவது இன்னும் சில மைல்கள். பெடலா துடுப்பா என்ற கேள்வி இங்கேதான் நிஜமாகிறது.

துடுப்பைப் பற்றி முதலில். கடல் மீன்பிடிக்கு வாங்கும் துடுப்புக் கயாக் பெரும்பாலும் 13 முதல் 16 அடி நீளம், 28 அங்குல அகலம் இருக்கும். எடை 25 முதல் 32 கிலோ. உட்காரும் இடம் திறந்தே இருக்கும். உள்ளே வரும் தண்ணீர், அடியில் உள்ள ஓட்டைகள் வழியாகத் தானாக வடிந்துவிடும். நீளமும் ஒடுக்கமுமாக இருப்பதால் தண்ணீரை நன்றாக வெட்டிக்கொண்டு போகும். துடுப்பு வலிப்பதைக் கையால் செய்யும் வேலை என்று நினைத்துத் தொடங்கினால் முழங்கையும் தோளும் ஒரு சீசன்கூடத் தாங்காது. கையை ஓரளவு நீட்டியே வைத்துக்கொண்டு, இடுப்புக்கு மேலே உடம்பைத் திருப்பி, எதிர்ப்பக்கக் காலை ஊன்றித் தள்ள வேண்டும். வயிறும் முதுகும்தான் வேலை செய்கின்றன என்று உணர ஆரம்பித்தால் சரியாகப் போடுகிறீர்கள் என்று அர்த்தம். மீன்பிடிக் கயாக்குக்கு 230 முதல் 250 சென்டிமீட்டர் நீளத் துடுப்பு வேண்டும். பணம் மிச்சம் பிடிப்பதென்றால் துடுப்பில் பிடிக்காதீர்கள். அலுமினியத் துடுப்புக்கும் கார்பன் ஃபைபர் துடுப்புக்கும் எடை வித்தியாசம் கையில் எடுக்கும்போது பெரிதாகத் தெரியாது. நான்கு மணி நேரம் கழித்துத் தெரியும்.

பெடலில் இரண்டு ஜாதி உண்டு. முதலாவது ஃபின் வகை. கயாக் செய்யும் ஹோபி கம்பெனி 1997-ல் மிராஜ் டிரைவ் என்ற பெயரில் கொண்டுவந்தது. டிரைவ் என்பது காலால் மிதிக்கும் அந்த எந்திரப் பகுதி. கயாக்குக்கு அடியில் வளையும் இரண்டு ஃபின்கள், அதாவது மீன் துடுப்பு மாதிரியான தகடுகள், பென்குயின் இறக்கை மாதிரி பக்கவாட்டில் அடித்துக்கொள்ளும். கால்களை மாற்றி மாற்றி முன்னால் தள்ள வேண்டும், சுற்ற வேண்டியதில்லை. இரண்டாவது புரொப்பெல்லர் வகை. சைக்கிள் மாதிரியே வட்டமாகச் சுற்ற வேண்டும். பின்னால் மிதித்தால் அந்த நொடியே பின்னால் போகும், அது பெரிய வசதி. புதிய ஃபின் டிரைவ்களிலும் ஒரு கயிற்றை இழுத்துப் பின்னால் போகும் ஏற்பாடு வந்துவிட்டது. ஆனால் பழையதை செகண்ட் ஹேண்டில் வாங்கினால் முன்னால் மட்டும்தான் போகும்.

எது நல்லது என்று கேட்டால், ஏரிக்கும் உப்பங்கழிக்கும் புரொப்பெல்லர், அலையும் கெல்ப்பும் உள்ள கடலுக்கு ஃபின் என்பது என் கட்சி. ஃபினை ஒரு மிதியில் தட்டையாக்கி அடிப்பாகத்தோடு ஒட்டிவிடலாம். புரொப்பெல்லர் எப்போதும் முழங்கால் ஆழத்துக்கு நீட்டிக்கொண்டே இருக்கும். அதைத் தூக்கி உள்ளே மடக்கினால்தான் ஆழம் குறைந்த இடத்தைக் கடக்க முடியும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களும் இரண்டையும் மிதித்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். ஃபின் டிரைவில் முழங்கால் அவ்வளவு மேலே மடங்காது. ஆனால் சிலருக்கு வட்டமாகச் சுற்றுவதே இதமாக இருக்கிறது.

பெடல் என்றால் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தில் வாங்கினால் ஏமாற்றம்தான். கயாக் எவ்வளவு வேகம் போகும் என்பதை அதன் நீளமும் அகலமுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஓரளவுக்கு மேல் மிதித்தால் கயாக் தானே எழுப்பும் அலையை ஏறத்தான் அந்தச் சக்தியெல்லாம் போகும். பெடல் கயாக்குகள் அகலமும் எடையும் கூடியவை. ஹோபியின் அவுட்பேக் என்ற பெடல் கயாக் 12 அடி 9 அங்குல நீளத்துக்கு 34 அங்குல அகலம். பழகிய ஆள் ஒருவர் 16 அடித் துடுப்புக் கயாக்கில் வந்தால், நான் மிதித்துக்கொண்டு அவரோடு பேசியபடி போகலாம், முந்த முடியாது.

பெடல் தருவது வேறு மூன்று விஷயம். களைப்பு குறைவு, ஏனென்றால் தொடைத் தசை தோள்தசையைவிடப் பல மடங்கு தாங்கும். காற்றிலும் நீரோட்டத்திலும் ஒரே இடத்தில் நிற்க முடிவது. அப்புறம், கை சும்மா இருப்பது. மூன்றாவதுக்காகத்தான் நான் மாறினேன்.

அது எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன். லா ஹோயாவில் எல்லோரும் தேடிப் போவது யெல்லோடெயில். நம் ஊர்ப் பாரை மீனின் சொந்தக்காரன். ஐந்து கிலோவிலிருந்து பதினைந்து கிலோவரை சாதாரணமாகக் கிடைக்கும், வலு மட்டும் எடைக்கு மீறியது. இதற்கு இரை உயிருள்ள மேக்கரல், அதாவது கானாங்கெளுத்தி வகை. எல்லையைத் தாண்டியதும் சின்னத் தூண்டில் முட்கள் கோத்த சபிக்கி நரம்பை இறக்கி நாலைந்து மேக்கரல் பிடித்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுக்கொள்வோம். ஒன்றை எடுத்து மூக்கில் முள்ளைக் குத்தி, கெல்ப் ஓரமாக மிக மெதுவாக இழுத்துக்கொண்டு போக வேண்டும். நடந்து போகிற வேகம்கூட அதிகம்.

துடுப்புக் கயாக்கில் இதைச் செய்யும்போது ராடு பக்கத்தில் உள்ள ஹோல்டரில் நிற்கும். இரண்டு கையும் துடுப்பில். யெல்லோடெயில் கடித்ததும் ரீல் கிரீச்சிடும். துடுப்பை மடியில் வைத்து, அது நழுவாமல் கிளிப்பில் மாட்டி, ராடை உருவி எடுப்பதற்குள் சில நொடிகள் போய்விடும். யெல்லோடெயிலுக்கு அது தாராளம். நேராகக் கெல்ப்புக்குள் பாய்ந்து இரண்டு தண்டுகளைச் சுற்றிவிட்டால் நரம்பு அறுந்த மாதிரிதான். அதோடு, ராடு கையில் வந்த பிறகு கயாக்குக்கு ஓட்டுநர் இல்லை. மீன் இழுக்கிற பக்கம் போகும், காற்று தள்ளுகிற பக்கம் போகும்.

பெடலில் ராடு முதலிலிருந்தே வலது கையில். ரீலில் நரம்பு சுற்றிய ஸ்பூலைத் திறந்து விட்டுக் கட்டைவிரலை நரம்பின் மேல் லேசாக வைத்திருப்பேன். மேக்கரல் நீந்துவது விரலுக்குத் தெரியும். பெரிய மீன் பக்கத்தில் வந்துவிட்டால் அது பயந்து படபடவென்று வாலடிக்கும், நரம்பில் அந்தத் துடிப்பு வேகமாகும். அப்போதே இடது கையால் சுக்கானைத் திருப்பி கயாக்கின் மூக்கை ஆழத்தைப் பார்த்து வைத்துவிடுவேன். கடித்து நரம்பு ஓட ஆரம்பித்ததும் கொஞ்சம் விட்டு, ரீலைப் பூட்டி, கால் இரண்டையும் அழுத்தி மிதிப்பேன். கெல்ப்பிலிருந்து விலகிப் போவது நானும் கயாக்கும், மீன் வேண்டாவெறுப்பாகப் பின்னால் வரும். முதல் அரை நிமிடத்தில் மீனைத் திறந்த தண்ணீருக்குக் கொண்டுவந்துவிட்டால் மீதிச் சண்டை பொறுமையாகப் போடலாம். கடல்சிங்கம் வந்து பாதி மீனைப் பிடுங்கிக்கொண்டு போகாமல் இருந்தால் சரி. அதற்குப் பெடலும் உதவாது, துடுப்பும் உதவாது.

ஹாலிபட் மாதிரி தரையில் கிடக்கும் தட்டை மீனுக்குப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. மணல் தரையின் மேல் காற்றோடு மிதந்துகொண்டே இரையை இழுத்தால் போதும். அப்படி மிதந்துதான் பிடிப்பேன் என்கிறவர் துடுப்புக் கயாக்கே வாங்கலாம். பணம் மிச்சம்.

இனி கெல்ப். மேற்பரப்பில் பாய் விரித்த மாதிரி கிடக்கும் இந்தப் பாசியில் பெடல் கயாக்கை ஓட்டுவது எரிச்சலான வேலை. புரொப்பெல்லரில் தண்டு சுற்றிக்கொண்டால், டிரைவைத் தூக்கிக் கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும். ஃபினிலும் மாட்டும். ஆனால் மிதிப்பதை நிறுத்தி ஃபினைத் தட்டையாக்கினால் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு கடந்துவிடும். கடக்கும் முன்னால் வேகம் பிடித்துக்கொள்ள வேண்டும், சுக்கானையும் தூக்கிவிட வேண்டும். அடர்த்தியான இடத்தில் நான் யோசிப்பதே இல்லை, துடுப்பை எடுத்துவிடுவேன். துடுப்புக் கயாக்காரர்கள் இந்த இடத்தில் எங்களைத் தாண்டிச் சிரித்தபடி போவார்கள். கெல்ப்புக்குள் இருக்கும் ஓட்டைகளில் புகுந்து காலிகோ பாஸ் என்ற மீனைப் பிடிப்பதுதான் விருப்பம் என்றால், துடுப்புக்கு நிகர் இல்லை.

அலைக்கு வருவோம். கயாக் எளிதில் கவிழும் இடம் கரையை ஒட்டி அலை உடையும் இடம். நடுக்கடலைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் பயப்பட வேண்டியது இங்கே. முட்டம் பக்கத்து நண்பர் ஒருவர், கட்டுமரத்தில் வளர்ந்த குடும்பம், ஒருமுறை என்னோடு கரைக்கு வந்திருந்தார். நான் கயாக்கில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் எதையும் தொடாமல் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணே, மொதல்ல அலையப் பாருங்க. பெரிய அலை வந்து போன பொறவு எறங்கணும்" என்றார். மணப்பாட்டிலும் முட்டத்திலும் செய்வது எதுவோ அதுதான் லா ஹோயாவிலும். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். ஒரு கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அமைதி இருக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் நின்று பார்த்தால் அந்தத் தாளம் பிடிபடும்.

அலை உடையும் இடத்தைத் துடுப்பால்தான் கடக்க வேண்டும், பெடல் கயாக்காக இருந்தாலும். ஆழம் முழங்காலுக்குக் கீழே இருக்கும்போது ஃபினோ புரொப்பெல்லரோ மணலில் மோதினால் தண்டு வளையும். நான் டிரைவைக் கழற்றி உள்ளே கட்டி வைத்துவிடுவேன். டிரைவ் உட்காரும் குழிக்கு ஒரு மூடி உண்டு, அதைப் போட்டுவிட்டால் தண்ணீர் கொப்பளிக்காது, கயாக்கும் வழுக்கிப் போகும். சுக்கான் மேலே. ராடுகள் கயாக்கின் வயிற்றுக்குள். தொங்கிக்கொண்டு எதுவுமே இருக்கக் கூடாது. கவிழும் என்றே வைத்துக்கொண்டு கட்ட வேண்டும். மூக்கு அலைக்கு நேராக, உட்கார்ந்ததும் நிறுத்தாமல் வலிக்க வேண்டும். அலை முன்னால் எழுந்துவிட்டதே என்று துடுப்பை நிறுத்துகிறவர்தான் கவிழ்கிறார். உடையும் இடத்தைத் தாண்டிய பிறகு டிரைவை இறக்கி மாட்டலாம். இந்த இடத்தில் ஒல்லியான துடுப்புக் கயாக் எவ்வளவு சுகம் என்பது, இரண்டையும் அடுத்தடுத்து இறக்கியவர்களுக்குத்தான் தெரியும்.

திரும்பி வருவது இன்னும் கவனம். அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் மறுபடி கட்டி, டிரைவைக் கழற்றி, பெரிய அலைகள் கடக்கும்வரை காத்திருந்து, கடைசி அலையின் முதுகில் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். அலைக்கு முன்னால் வந்தால் கயாக் சர்ஃபிங் செய்ய ஆரம்பிக்கும், அடுத்த நொடி பக்கவாட்டில் திரும்பும். திரும்பிவிட்டால் அலை வரும் பக்கம் உடம்பைச் சாய்த்துத் துடுப்பை அலையில் ஊன்றுங்கள். விழுவதென்றால் கடல் பக்கம் விழுங்கள். கயாக்குக்கும் கரைக்கும் நடுவே ஒருபோதும் நிற்காதீர்கள். தண்ணீர் நிறைந்த கயாக்கை அலை தூக்கி அடித்தால் கால் எலும்பு தாங்காது. லா ஹோயாவில் தண்ணீரில் இறங்கி நடக்கும்போது பாதத்தை மணலில் தேய்த்துக்கொண்டே நடப்பதும் வழக்கம், திருக்கை மீன் மணலுக்குள் புதைந்து கிடக்கும்.

எடை விஷயத்தை வாங்கும்போது யாரும் யோசிப்பதில்லை, கடையில் இருவர் சேர்ந்து வண்டியில் ஏற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். அவுட்பேக் எல்லாம் மாட்டிய நிலையில் 47 கிலோ அளவில் வரும். அதன் மேல் தண்ணீர்த் தொட்டி, ராடுகள், பேட்டரி, ஐஸ். மீன் கிடைத்தால் அதுவும். பலூன் மாதிரிச் சக்கரம் வைத்த தள்ளுவண்டி இல்லாமல் மணலில் இதை ஒரு ஆள் நகர்த்த முடியாது. காலை ஐந்து மணிக்கு இழுத்துக்கொண்டு போகும் உற்சாகம் மதியம் பன்னிரண்டு மணிக்கு இருக்காது. அடுக்குமாடியில் மேல்தளத்தில் குடியிருப்பவர், காரின் கூரையில் ஏற்ற வேண்டியவர், தனியாகவே போகிறவர், முதுகுவலி உள்ளவர் எல்லாம் இந்த ஒரு காரணத்துக்காகவே துடுப்புக் கயாக்கை வாங்கலாம் என்று தைரியமாகச் சொல்வேன். தூக்கச் சிரமமான கயாக்கோடு கடலுக்குப் போகும் நாட்கள் குறைந்துகொண்டே வரும், அடிக்கடி போகிறவருக்குத்தான் மீன் கிடைக்கும். பிக்கப் வண்டியும் தரைத்தளத்தில் கராஜும் உள்ளவருக்கு இந்தப் பிரச்சினை பாதிதான்.

டிரைவ் ஒரு எந்திரம், உப்புத் தண்ணீரில் ஓடுகிற எந்திரம். ஒருநாள் கெல்ப்பின் வெளி ஓரத்தில் மிதித்துக்கொண்டிருந்தபோது என் டிரைவின் கேபிள் ஒன்று அறுந்து, ஒரு பெடல் காலோடு தொளதொளவென்று போய்விட்டது. காற்று ஏறத் தொடங்கியிருந்த நேரம். டிரைவைக் கழற்றி வைத்துவிட்டுத் துடுப்பை எடுத்தேன். அகலமான கயாக், மேற்கிலிருந்து காற்று, நல்லவேளையாக முதுகுக்குப் பின்னால். கரைவரை இருந்த இரண்டு மைலையும் வலித்து வந்துசேர்ந்தேன், அன்றைக்கு என்னைக் கரை சேர்த்தது துடுப்புக் கயாக்கில் பழகிய வருடங்கள். பெடல் கயாக்கோடு இலவசமாக வரும் இரண்டாகக் கழற்றும் துடுப்பை ஒருமுறைகூடத் தண்ணீரில் வைக்காதவர்களை இந்தக் கரையில் நிறையப் பார்க்கிறேன். ஒவ்வொரு பயணத்திலும் போகும் வழியில் கால் மைலாவது வலித்துப் பழகுங்கள். சுக்கானைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ஆணி, அடி பட்டால் தானே உடைந்து சுக்கானைக் காப்பாற்றுவதற்கென்றே வைத்தது. அதில் இரண்டு உபரி சட்டைப்பையில் இருக்கட்டும். டிரைவைக் கயாக்கோடு கயிற்றால் கட்டி வையுங்கள், கவிழ்ந்தால் அடியில் போய்விடும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே சாதாரண நாளில் காலை அமைதி, பத்து பதினொரு மணிக்கு மேல் கடற்காற்று மேற்கிலிருந்து ஏறும், அது நம்மைக் கரைக்குத் தள்ளும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வரும் சாண்டா ஆனா காற்று இதற்கு நேர் எதிர். பாலைவனத்திலிருந்து கிழக்குக் காற்றாக வந்து கயாக்கைக் கடலுக்குள் தள்ளும். கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெரியும், அதை நம்பி இறங்கக் கூடாது. அந்த எச்சரிக்கை உள்ள நாளில் பெடல் இருக்கிறதே என்று போகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

கவிழ்ந்து ஏறப் பழகாமல் கடலில் இறங்காதீர்கள். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு சான் டியாகோவின் மிஷன் பே மாதிரி அமைதியான தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்து, அடிப்பாகத்தின் மேல் எட்டி மறுபக்கத்தைப் பிடித்து இழுத்து நிமிர்த்தி, வயிற்றால் ஏறிப் புரண்டு உட்கார வேண்டும். 28 அங்குலக் கயாக் சுலபமாகப் புரளும், அதே சுலபத்தில் நிமிரும். 34 அங்குலம் லேசில் கவிழாது, கவிழ்ந்தால் லேசில் நிமிராது. அதனால் பெடல் கயாக்கின் பக்கவாட்டுக் கைப்பிடியில் ஒரு வார் கட்டி வைத்திருக்கிறேன், அதை அடிப்பாகத்தின் மேலே வீசி எதிர்ப்பக்கம் நின்று உடம்பெடையால் இழுக்க. தண்ணீர் குளிர்காலத்தில் 14 டிகிரி செல்சியஸ் சுற்றி இருக்கும். வெயில் சுள்ளென்று அடித்தாலும் உடை தண்ணீருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், வெட்சூட் என்கிற குளிர் தாங்கும் ரப்பர் உடை இல்லாமல் நான் போவதில்லை. கையில் எட்டும்படி வி.எச்.எஃப். ரேடியோ, ஆபத்துக்கு அழைக்கும் சேனல் 16. அது லைஃப் ஜாக்கெட்டில் இருக்க வேண்டும், கயாக்கில் அல்ல.

சட்டப்படி, 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் கலிஃபோர்னியா மீன்பிடி லைசென்ஸ் வேண்டும். வருட லைசென்ஸோடு தெற்குக் கலிஃபோர்னியாக் கடலுக்கென ஒரு கூடுதல் முத்திரையும் உண்டு. காலாலோ கையாலோ ஓட்டும்வரை கயாக்கைப் பதிவு செய்யத் தேவையில்லை, மின்மோட்டார் மாட்டினால் பதிவு கட்டாயம்.

புதிதாக வருகிறவருக்கு நான் சொல்லும் வழி: முதல் சீசனுக்குப் பழைய துடுப்புக் கயாக் ஒன்று வாங்குங்கள். அலையும், காற்றும், கவிழ்ந்து ஏறுவதும் அதில் படிந்துவிடும். விற்றால் போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பி வரும். அதற்குள் நீங்கள் யெல்லோடெயில் துரத்துகிற ஆளா, கெல்ப்புக்குள் நுழைகிற ஆளா, மணல் மேல் மிதக்கிற ஆளா என்பது தெரிந்திருக்கும். முதல் வகை என்றால் பெடலுக்கு மாறுங்கள்.

அந்தப் பெடல் கயாக்கும் பழையதாக வாங்குவதென்றால் பணம் கொடுக்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள். டிரைவைக் கழற்றச் சொல்லிக் கையால் ஆட்டுங்கள், லொடலொடக்கக் கூடாது. ஃபினைத் தாங்கும் கம்பிகள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா, கேபிளில் ஒரு இழையாவது பிரிந்திருக்கிறதா, சங்கிலியில் துரு உண்டா என்று பாருங்கள். டிரைவ் உட்காரும் குழியின் மூலைகளிலும், தள்ளுவண்டியின் கம்பி நுழையும் வடிகால் ஓட்டைகளிலும் டார்ச் அடித்து வெடிப்பு தேடுங்கள், பழைய கயாக்குகள் ஒழுக ஆரம்பிப்பது பெரும்பாலும் அங்கேதான். அதோடு, விற்கிறவரைத் தூக்கச் சொல்லாமல் அந்தக் கயாக்கை உங்கள் வண்டியில் நீங்களே ஏற்றிப் பாருங்கள்.